வண்டி, படகு ஸ்டீரியோவில் போனையும் எம்பி3 பிளேயரையும் இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார், வேன், லாரி, ஃபைபர் போட் எதுவானாலும் முதலில் வருவது "எந்த வயர் வாங்கணும்?" என்ற கேள்விதான். வயர் வாங்கி மாட்டியபிறகு வருகிற கேள்விகள் அதைவிட அதிகம். ஊய்ங் சத்தம், ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமை, பென்டிரைவை செட் கண்டுகொள்ளவே இல்லை என்று வரிசையாக வரும். கோளாறு பெரும்பாலும் பாட்டு போகும் வயரில் இருக்காது. கரண்ட் போகும் வயரிலும், கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் எர்த்திலும்தான் இருக்கும். கீழே உள்ள பதில்கள் பலவும் அங்கேயே போய் நிற்பதைப் பார்க்கலாம்.

பென்டிரைவ், ஆக்ஸ், ப்ளூடூத், எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்: எது நல்லது?

பாட்டுகள் ஃபைலாகக் கையில் இருந்தால் பென்டிரைவ்தான் முதல் இடம். ஃபைலைப் பாட்டாக மாற்றும் வேலையை செட்டே பார்த்துக்கொள்கிறது. நடுவில் இன்னொரு கருவி இல்லை, இன்னொரு எர்த்தும் இல்லை, அதனால் இரைச்சல் நுழைய வழியில்லை. அடுத்தது ஆக்ஸ், அதாவது செட்டில் உள்ள 3.5 மிமீ ஒலித் துளை. ப்ளூடூத்தில் ஒலி கொஞ்சம் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது, ஆனால் டீசல் இன்ஜின் ஓடும்போது அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவர் அபூர்வம். கேசட் டெக் மட்டும் உள்ள பழைய வண்டிக்குக் கேசட் அடாப்டர் போதும். எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கடைசி வழி, வேறு எதுவுமே இல்லாதபோது மட்டும்.

ஆக்ஸ் வயரில் மூன்று பகுதி பின், நான்கு பகுதி பின் என்கிறார்களே, எதை வாங்குவது?

3.5 மிமீ பின்னைக் கையில் எடுத்து கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் இருந்தால் மூன்று பகுதி: நுனி இடது பக்க ஒலி, நடு வலது பக்கம், அடி எர்த். மூன்று வளையம் இருந்தால் நான்கு பகுதி, அதில் ஒன்று மைக்குக்கு. செட்டுக்குப் பாட்டு மட்டும் போனால் போதும் என்பதால் இரு முனையிலும் இரண்டு வளையம் உள்ள வயரை வாங்குங்கள். வீடியோவும் காட்டும் சில செட்களில் நான்கு பகுதி சாக்கெட் இருக்கும், அதன் வரிசையும் வேறு. அதற்கு செட்டோடு வந்த வயரைத்தான் போட வேண்டும். சாதாரண வயரைச் செருகினால் ஒரு பக்கம் வராது, அல்லது கொர்ரென்று இரையும்.

நீளம் ஒரு மீட்டர் போதும். மூன்று மீட்டர் வயரை வாங்கி மிச்சத்தைச் சுருட்டி டேஷ்போர்டுக்குப் பின்னால் திணித்தால், அது இக்னிஷன் வயர்களின் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். பின் எல் வடிவத்தில் வளைந்ததாக இருக்கட்டும். நேராக நீட்டிக்கொண்டிருக்கும் பின்னில் கியர் மாற்றும் கை பட்டு, சில மாதங்களிலேயே சாக்கெட்டின் ஈயப்பற்று விட்டுவிடும்.

பாட்டில் இசை மட்டும் கேட்கிறது, பாடுகிறவர் குரலையே காணோம். ஏன்?

பின் முழுதாக உள்ளே போகவில்லை. பெரும்பாலும் போனின் தடித்த உறைதான் காரணம். எர்த் தொடாமல் இடதும் வலதும் மட்டும் தொட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்பீக்கருக்குப் போகும். குரல் இரு பக்கமும் ஒரே அளவில் பதிவானது என்பதால் ஒன்றை ஒன்று கழித்துவிட, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் பின்னணி இசை மட்டும் மிஞ்சும். உறையைக் கழற்றி அழுத்திச் செருகிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் வயருக்குள் எர்த் கம்பி அறுந்திருக்கிறது, வயரை மாற்றுங்கள்.

போனில் 3.5 மிமீ துளையே இல்லை. டைப்-சி அடாப்டர் வாங்கியும் பாட்டு வரவில்லையே?

டைப்-சி அடாப்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் சிப் (டிஏசி) இருக்கும், மற்றொன்று வெறும் வயர். வெறும் வயர் அடாப்டர் வேலை செய்ய, போனே அந்தத் துளை வழியாக அனலாக் ஒலியைத் தர வேண்டும். பல போன்கள் தருவதில்லை. கடையில் "டிஏசி உள்ளதா" என்று கேட்டு வாங்குங்கள். சிப் உள்ள அடாப்டர் அநேகமாக எல்லா டைப்-சி போனிலும் ஓடும்.

போனில் சத்தத்தை முழுசாக வைக்கலாமா?

வேண்டாம். ஹெட்போன் வெளியீட்டை முழுதும் ஏற்றினால் சில போன்களிலும் மலிவு பிளேயர்களிலும் ஒலி முறிந்து கரகரக்கும். குறைத்து வைத்து செட்டில் ஏற்றினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து ஏறும். போனில் 80 சதவீதம் வைத்துவிட்டு மிச்சத்தை செட்டில் திருப்புங்கள். போனில் உள்ள ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள். இரண்டு இடத்தில் பாஸ் ஏற்றினால் கதவு ஸ்பீக்கர்தான் அடிபடும்.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஊய்ங் என்று சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது. எப்படிப் போக்குவது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அது, இன்ஜினோடு சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரின் சத்தம். போனை ஆக்ஸில் மாட்டி, சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து சார்ஜும் போட்டால், போனின் எர்த் இரண்டு வழியில் வண்டியைத் தொடுகிறது. ஒன்று சார்ஜர் வழி, மற்றொன்று ஆக்ஸ் வயரின் வெளிக் கம்பி வழி. இதைத்தான் எர்த் வளையம் என்கிறோம். இந்த இரண்டு எர்த் புள்ளிகளும் ஒரே வோல்டேஜில் இருப்பதில்லை. சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும், அதில் ஆல்டர்னேட்டரின் சிற்றலை ஏறியிருக்கும். அந்த மின்னோட்டம் ஆக்ஸ் வயரின் வெளிக் கம்பியில் ஓட, செட் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெரிதாக்கித் தருகிறது.

எதையும் வாங்குவதற்கு முன் மூன்று சோதனை. இன்ஜின் ஓடும்போது சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் மேலே சொன்ன எர்த் வளையம்தான். நிற்காவிட்டால் ஆக்ஸ் பின்னை செட்டிலிருந்து பிடுங்குங்கள். அப்போது நின்றால் வயரோ போனோ காரணம். அதற்கும் நிற்காமல், வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதும் கேட்டால், செட்டின் சொந்த பவர் வயரிலோ எர்த்திலோ கோளாறு.

எர்த் வளையம் என்றால் மலிவான வைத்தியத்திலிருந்து தொடங்குங்கள். செட்டின் முகப்பிலேயே யுஎஸ்பி துளை இருந்தால் அதிலிருந்து சார்ஜ் போடுங்கள். எர்த் ஒரே இடம் என்பதால் பல வண்டிகளில் அதோடு முடிந்துவிடும். பவர்பேங்கில் சார்ஜ் போடுவதும் வளையத்தை அறுக்கும். அதுவும் ஒத்துவராவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்கி ஆக்ஸ் வயரின் நடுவில் மாட்டுங்கள். உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஒலி காந்தப்புலம் வழியாகக் கடந்துவிடும், எர்த் கடக்காது. ரொம்ப மலிவானதில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு சிறிதாக இருப்பதால் அடித்தொண்டை பாஸ் குறையும். தவில் சத்தம் டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்டால் காரணம் அதுதான்.

செட்டின் சொந்த எர்த் என்றால் மல்டிமீட்டர் வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை செட்டின் கறுப்பு வயரிலும் மறு முனையை பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். 0.3 அல்லது அதற்கு மேல் காட்டினால் எர்த் மோசம். டேஷ்போர்டுக்குள் கையில் கிடைத்த ஸ்குரூவில் சுற்றிவைத்த எர்த் பெரும்பாலும் இப்படித்தான் காட்டும். பெயின்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் வளைய லக் வைத்து, ஸ்டார் வாஷரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். அடுத்து மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியின் இரு முனையில் வையுங்கள். சில பத்து மில்லிவோல்ட் இயல்பு. அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். அது ஆடியோ கடை வேலையில்லை, ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேலை.

தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சில செட்களில் பின்பக்கம் ஆம்புக்கு ஒலி தரும் ஆர்சிஏ துளைகளின் எர்த், போர்டில் முடிபோல மெல்லிய ஃபியூஸ் வழியாகப் போகும். செட் ஓடும்போது ஆர்சிஏ வயரைப் பிடுங்கிச் செருகினால் அது எரிந்துபோகும். அன்றைக்கே ஊய்ங் தொடங்கும். ஆர்சிஏ பின்னின் வெளி உலோகத்தை ஒரு சின்ன வயரால் செட்டின் உடம்பில் தொட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் நோய் தெரிந்துவிட்டது. ஆம்புக்குப் போகும் பவர் வயரையும் ஆர்சிஏ வயரையும் வண்டியின் எதிரெதிர் பக்கமாக இழுங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறிபோல் கடக்கட்டும், ஒன்றாகச் சேர்த்து ஓடக்கூடாது.

ப்ளூடூத்தில் கால் பேச முடிகிறது, பாட்டு வரவில்லை?

பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுக்கு வேறொரு வழி. போனின் ப்ளூடூத் பட்டியலில் செட்டின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரக் குறியைத் தொட்டால் "ஃபோன் அழைப்புகள்", "மீடியா ஆடியோ" என்று இரண்டு பொத்தான் இருக்கும். மீடியா அணைந்திருந்தால் போடுங்கள். அது இல்லவே இல்லையென்றால் அந்த செட் பேசுவதற்கு மட்டுமானது, அதில் பாட்டு வராது.

புது போன் இணையவே மறுத்தால் செட்டின் நினைவு நிரம்பியிருக்கலாம். பழைய பெயர்களை செட்டில் அழித்து, போனிலும் செட்டின் பெயரை மறக்கச் செய்து, இரண்டையும் புதிதாகச் சேருங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பழைய சாவியை வைத்துக்கொண்டு இரண்டும் முரண்டு பிடிக்கும்.

பென்டிரைவை செட் படிக்கவில்லை. கம்ப்யூட்டரில் நன்றாகத்தான் இருக்கிறது.

பல செட்களுக்கு ஃபாட்32 முறை மட்டுமே தெரியும். 64 ஜிபி பென்டிரைவ்கள் எக்ஸ்ஃபாட் முறையில் வருகின்றன. 32 ஜிபிக்கு உட்பட்ட ஒன்றை வாங்கி ஃபாட்32 என்று தேர்ந்தெடுத்து ஃபார்மேட் செய்யுங்கள், தொல்லை தீரும். விண்டோஸ் போட ஒரு காலத்தில் பயன்படுத்திய பென்டிரைவாக இருந்தால் அதன் பிரிவு அட்டவணையும் மாறியிருக்கும். எம்பிஆர் என்ற பழைய அட்டவணை முறைக்கு மாற்றிவிட்டு ஃபார்மேட் செய்யுங்கள்.

படிக்கிறது, ஆனால் பாட்டு வரிசை தாறுமாறாக இருக்கிறது என்றால், செட் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, காப்பி ஆன வரிசையைப் பார்க்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஃபோல்டர் ஃபோல்டராக, வேண்டிய வரிசையில் காப்பி செய்யுங்கள். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுவது மட்டும் எல்லா செட்டிலும் உதவாது.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் நிறைய செட்களில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும். பாட்டு ஓடும், பெயர்தான் தெரியாது. செட்டில் தமிழ் எழுத்துரு இல்லாததே காரணம், அதற்கு வெளியிலிருந்து வைத்தியம் கிடையாது. ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதைத் தவிர வழியில்லை.

போனை யுஎஸ்பி வயரில் மாட்டினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது?

பழைய செட், செருகியதை எல்லாம் பென்டிரைவ் என்று நினைத்துத்தான் தேடும். இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் தம்மைப் பென்டிரைவாகக் காட்டிக்கொள்வதில்லை, எம்டிபி என்ற வேறு முறையில் பேசுகின்றன. போனில் "கோப்புப் பரிமாற்றம்" என்று மாற்றிப் பாருங்கள், எம்டிபி தெரிந்த செட்டானால் படிக்கும். இல்லையென்றால் ஆக்ஸ் அல்லது ப்ளூடூத்.

ஐபாட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: 30 பின் வயரோடு வந்த பழைய கார் டாக்குகள் சில, ஃபயர்வயர் பின்கள் வழியாக 12 வோல்ட்டில் சார்ஜ் செய்தன. 2008 வாக்கில் வந்த மாடல்களிலிருந்து ஆப்பிள் அந்த வழியை எடுத்துவிட்டது. அதனால் பாட்டு வரும், சார்ஜ் ஏறாது. நடுவில் மாட்ட சார்ஜ் மாற்றி அடாப்டர் உண்டு, பழைய சரக்கில் தேட வேண்டும்.

சின்ன எம்பி3 பிளேயரில் சார்ஜ் போட்டதும் பாட்டு நின்றுவிடுகிறது.

கம்ப்யூட்டரில் மாட்டியதாக அது நினைத்துக்கொள்கிறது. டேட்டா கம்பி இல்லாத, சார்ஜுக்கு மட்டுமான யுஎஸ்பி வயரைப் போடுங்கள். இருக்கிற வயரிலேயே பச்சை, வெள்ளைக் கம்பிகளை மட்டும் வெட்டியும் பார்க்கலாம். சிவப்பையும் கறுப்பையும் தொடாதீர்கள்.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டரில் நடுநடுவே வேறு ஸ்டேஷன் புகுந்துவிடுகிறது.

சென்னைக்குள் 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 102.3, 106.4 எல்லாமே ஸ்டேஷன்கள். அவற்றின் இடுக்கில் உங்கள் விரல் நீள டிரான்ஸ்மிட்டர் குரல் கொடுக்க வேண்டும். முதலில் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு ரேடியோவைத் திருப்பி, வெறும் ஸ்ஸ் மட்டும் கேட்கும், இருபுறமும் 0.4 மெகாஹெர்ட்ஸ் காலியான ஓர் இடத்தைப் பிடியுங்கள். அதற்குப் பிறகு டிரான்ஸ்மிட்டரை அந்த எண்ணுக்கு மாற்றுங்கள். விழுப்புரம் தாண்டியதும் காலியிடம் மாறிவிடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கூரையில் திருகு ஏரியல் இருந்தால் அதைக் கழற்றிவையுங்கள். வெளி ஸ்டேஷன்கள் மங்கும், உள்ளே இருக்கும் டிரான்ஸ்மிட்டர் ஜெயிக்கும். எப்படிப் பார்த்தாலும் எஃப்எம் வழியாக 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி போகாது, சிம்பல் சத்தம் மழுங்கித்தான் வரும்.

பழைய கேசட் டெக்கில் அடாப்டரைப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் வெளியே தள்ளிவிடுகிறது.

டேப் சுற்றுகிறதா என்று டெக் கண்காணிக்கும். அடாப்டருக்குள் இருக்கும் பற்சக்கரம் இறுகினால், டேப் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தள்ளும் அல்லது பக்கம் மாற்றும். அடாப்டரின் நாலு ஸ்குரூவைக் கழற்றி சக்கரங்களில் துளி சிலிக்கான் கிரீஸ் வையுங்கள். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், பிசினாகிவிடும். ஒலி மங்கலாக இருந்தால் டெக்கின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் இருந்தால் அணையுங்கள், போனிலிருந்து வரும் ஒலிக்கு அது தேவையில்லை, உயர் சுருதியைத்தான் விழுங்கும்.

ஆக்ஸ் துளையே இல்லாத செட்டுக்குள் ஜாக் வைக்க முடியுமா?

முடியும், சால்டரிங் தெரிந்திருந்தால். இடம்தான் முக்கியம். டேப் ஹெட் கம்பியில் கொடுக்கக் கூடாது. அங்கே வரும் சிக்னல் மில்லிவோல்ட் அளவு, போன் தருவது அதைவிடப் பல நூறு மடங்கு. ஒலி கிழிந்துபோகும். வால்யூம் கன்ட்ரோலுக்கு முந்தைய புள்ளியில், டேப் பக்கத்திலிருந்து வரும் தடத்தை அறுத்து, ஜாக்கிலிருந்து பக்கத்துக்கு ஒரு 4.7 அல்லது 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வழியாகக் கொடுக்க வேண்டும். கப்பாசிட்டர் இல்லாமல் கொடுத்தால் செட்டின் டிசி வோல்டேஜ் போனுக்குள் ஏறும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் ப்ளூடூத்-யுஎஸ்பி போர்டை அதே புள்ளியில் இணைப்பவர்களும் உண்டு. 5 வோல்ட் போர்டுக்கு 7805 ரெகுலேட்டர் வைத்தால் ஹீட்சிங்க் அவசியம்: 13.8 வோல்ட்டிலிருந்து 5க்கு இறக்கும்போது 200 மில்லியாம்பியருக்கே சுமார் 1.8 வாட் சூடாகிறது. பாட்டுக்கு நடுவே கிர்க்கிர் என்று டிஜிட்டல் இரைச்சல் வந்தால், 7805க்கும் போர்டுக்கும் நடுவில் பி0505எஸ் என்ற தனிமைப்படுத்திய கன்வெர்ட்டரை வையுங்கள். 200 மில்லியாம்பியர்தான் தரும், ஆனால் ப்ளூடூத் போர்டுக்குப் போதும். அந்த போர்டின் யுஎஸ்பி துளையில் போன் சார்ஜ் போட நினைக்காதீர்கள்.

புது செட் வாங்கினேன். வயர் நிறங்களுக்கு என்ன அர்த்தம்?

மஞ்சள் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த், நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்பை எழுப்புவது, ஆரஞ்சு டேஷ்போர்டு விளக்கு. ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். இது செட் பக்கத்து நிறம். வண்டிப் பக்கத்து நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்பாமல் மீட்டரை வைத்துப் பாருங்கள். வண்டி மாடலுக்கான கப்ளர் (இரு பக்க வயரையும் சேர்க்கும் பிளக்) கிடைத்தால் வண்டி வயரை வெட்டவே வேண்டாம்.

சாவியை எடுத்ததும் ஸ்டேஷன், கடிகாரம் எல்லாம் அழிந்துபோனால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக முறுக்கி பேட்டரியில் கொடுத்தால் அழியாது, ஆனால் மறந்துபோய் செட்டை அணைக்காமல் விட்டால் ஓரிரு நாளில் பேட்டரி படுத்துவிடும்.

பழைய வண்டிகளில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தக் கால செட்களில் ஸ்பீக்கர் மைனஸ் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பாடியில் எர்த் ஆகியிருக்கும். இன்றைய செட்டின் ஆம்ப் ஐசி, டிடிஏ7388 போன்றவை, ஸ்பீக்கரின் இரண்டு கம்பியையும் ஓட்டுகின்றன. எர்த் இல்லாத அந்த இரண்டு கம்பியிலும் பேட்டரியின் பாதி வோல்டேஜ் நிற்கும். ஒன்றை பாடியில் தொட்டால் செட் புரொடெக்ட் என்று காட்டி அணையும், ஐசியும் போகலாம். ஸ்பீக்கருக்குத் தனித்தனியாக இரண்டிரண்டு கம்பி புதிதாக இழுங்கள்.

லாரியில் 24 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து 12 வோல்ட் எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்காதீர்கள். ஒரு பேட்டரி மட்டும் காலியாகும், ஆல்டர்னேட்டரோ இரண்டுக்கும் சேர்த்து ஒரே அளவில்தான் சார்ஜ் கொடுக்கும். ஒன்று எப்போதும் பசியில், மற்றது எப்போதும் அளவுக்கு மீறி. சில மாதத்தில் இரண்டையும் மாற்ற வேண்டி வரும். 10 ஆம்பியர் 24-12 டிசி கன்வெர்ட்டர் வாங்கி, அதன் உள்ளீட்டில் ஃபியூஸ் வைத்து மாட்டுங்கள். போன் சார்ஜரிலும் "12–24 வோல்ட்" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் செட் அணைந்து எழுகிறது.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் விழுவது இயல்பு. பல வண்டிகளில் அந்த நேரத்தில் சிவப்பு வயரை வண்டியே துண்டிக்கும், அதில் கோளாறு ஒன்றுமில்லை. ஸ்டார்ட் ஆன பிறகும் அடிக்கடி அப்படி ஆனால் பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

படகில் கார் செட்டையே மாட்டலாமா?

மாட்டுகிறார்கள், ஓடவும் செய்கிறது. எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. கடலில் செட்டைக் கொல்வது தண்ணீரைவிட உப்புக் காற்று. செம்புக் கம்பி வெட்டுமுகத்திலிருந்து உறைக்குள்ளேயே களிம்பேறி, வெளியே பார்க்கப் புதுசாக இருக்கும் வயர் உள்ளே பச்சையாகப் பொடிந்திருக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு வயரை வாங்குங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றாமல், பசை உள்ள ஹீட்ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடாக்குங்கள். காகிதக் கூம்பு ஸ்பீக்கர் ஊறி அழுகும், பிளாஸ்டிக் கூம்பு வாங்குங்கள்.

மரைன் செட்டில் எழுதியிருக்கும் ஐபிஎக்ஸ்5, 6 என்பது தண்ணீர் பீய்ச்சியடித்தால் தாங்கும் அளவு, ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். இது பெரும்பாலும் முகப்புக்கு மட்டும் சொல்வது. பின்பக்கம் காய்ந்த இடத்தில் இருக்க வேண்டும், ஆக்ஸ் துளையின் ரப்பர் மூடி எப்போதும் மூடியிருக்க வேண்டும். திறந்த படகில் இணைக்க ப்ளூடூத் நல்லது என்று சொல்வதற்கும் அதுதான் காரணம்: துளையே வேண்டாம்.

காரில் பாடியே எர்த். ஃபைபர் படகிலும் மரப் படகிலும் அப்படி ஒன்று கிடையாது. கறுப்பு வயர் பேட்டரி மைனஸ் வரை தனியாகப் போக வேண்டும். இன்ஜின் பிளாக்கில் எர்த் எடுக்காதீர்கள். இன்ஜினின் இரைச்சலும் சேர்ந்து வரும். ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். செட்டின் பின்னால் இருக்கும் ஃபியூஸ் செட்டைத்தான் காக்கும், நடுவில் உரசி ஷார்ட் ஆகும் வயரைக் காக்காது.

வயர் தடிமனுக்கு ஒரு கணக்கு. பேட்டரியிலிருந்து, படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸுக்கு 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர். 2.5 சதுர மிமீ வயரில் அதன் தடை சுமார் 0.084 ஓம். சத்தமாக வைத்து செட் 8 ஆம்பியர் இழுத்தால் 0.67 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மிமீ போட்டால் இழப்பு 0.42 வோல்ட். பேட்டரி பாதி இறங்கிய நேரத்தில், பாஸ் அடிக்கும்போதெல்லாம் செட் அணைவதற்கும் அணையாமல் இருப்பதற்கும் இந்தக் கால் வோல்ட் போதும்.

திசைகாட்டி உள்ள படகில் ஸ்பீக்கரை அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். பொருத்துமுன் ஸ்பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல நகர்த்தி முள் அசைகிறதா என்று பாருங்கள். காந்தம் வைத்த போன் ஹோல்டரும் இதே வேலையைச் செய்யும். கரண்ட் வயரின் பிளஸ்ஸையும் மைனஸையும் ஒன்றோடொன்று முறுக்கி இழுத்தால் அவற்றின் காந்தப்புலம் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும்.

மலிவு யுஎஸ்பி சார்ஜர்கள் விஎச்எஃப் வயர்லெஸ்ஸையும் கெடுக்கும். ஆபத்து அழைப்பு வரும் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். அதில் வெறும் இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச் திருகை இரைச்சல் நிற்கும் விளிம்பில் வைத்துவிட்டு சார்ஜரைச் செருகுங்கள். உஸ்ஸென்று திறந்துகொண்டால் அந்த சார்ஜரைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். பாட்டில் டிக் டிக் என்று சீரான சத்தம் வந்தால் அது மீன் காட்டும் எக்கோ சவுண்டரின் துடிப்பு. இரண்டுக்கும் பேட்டரியிலிருந்தே தனித்தனி வயர் இழுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

படகு பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

60 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் பாதியைத்தான், அதாவது 30 ஏஎச் வரைதான், தொட வேண்டும். நடுத்தர சத்தத்தில் செட் 2.5 ஆம்பியர் என்றால் 12 மணி நேரம். ஜிபிஎஸ், வயர்லெஸ், விளக்கு எல்லாம் சேர்ந்து இன்னொரு 4 ஆம்பியர் இழுத்தால் நாலரை மணி நேரம்தான். எதுவும் ஓடாமல் இருக்கும்போது மீட்டர் 12.2 வோல்ட் காட்டினால் பாதிக்கு வந்துவிட்டது, பாட்டை நிறுத்துங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய அதே பேட்டரிதான் என்றால் செட்டுக்குத் தனி பேட்டரி வைப்பது ஆடம்பரம் இல்லை.

போனை டேஷ்போர்டின் மேல் வைத்துப் பாட்டு மாற்றலாமா?

ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. கிளம்புமுன் பட்டியல் போட்டுவிடுங்கள். வெயிலும் ஒரு விஷயம். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி. மே மாதத்துக் கண்ணாடிக்கு அடியில் சார்ஜும் போட்டு வைத்தால் போன் தானே அணைந்துவிடும். ஏசி காற்று படும் இடத்தில் ஹோல்டரை மாட்டுங்கள்.

செட்டில் கடல் தண்ணீர் பட்டுவிட்டது. என்ன செய்வது?

ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்காதீர்கள், முதலில் ஃபியூஸைப் பிடுங்குங்கள். உப்புத் தண்ணீரில் கரண்ட் ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் போர்டின் தடங்களை அரிக்கும். செட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். பயமாகத்தான் இருக்கும், ஆனால் உப்பு உள்ளேயே காய்ந்தால் அதைவிட மோசம். சிடி, கேசட் பகுதி இருந்தால் அதை மட்டும் தனியே எடுத்துவிடுங்கள். அதன்பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றி, மென்மையான பல் துலக்கியால் கப்ளர் பின்களையும் ஐசி கால்களையும் தேய்த்து, நிழலில் காற்றோட்டமாக இரண்டு நாள் வையுங்கள். மறுபடி மாட்டும்போது 2 ஆம்பியர் ஃபியூஸோடு குறைந்த சத்தத்தில் முதல் முறை ஓட்டுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் ஃபியூஸ் போகும், செட் பிழைக்கும்.